தார்ப்பாயின் நான்காவது மூலை

ஞாயிறு, இரவு.

பட்டினப்பாக்கம் மீன் கடையில் வஞ்சிரத் துண்டை வறுக்கச் சொல்லிவிட்டு, தாமதம் என்று கடைக்கார அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அதற்குள் மழை. காற்றில், கடைக்குக் கூரையாகக் கட்டியிருந்த தார்ப்பாயின் கயிறுகள் அறுந்தன. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி கீழே. சாப்பிட வந்த நாலு பேர் ஆளுக்கொரு மூலையைத் தூக்கிப் பிடித்தோம். யாரும் ஓடவில்லை. அந்த அம்மா வறுப்பதை நிறுத்தவும் இல்லை.

என் மீன் வெந்தது. கை காலியில்லை. அந்த அம்மாவே முள் எடுத்து, ஊதி, என் வாயருகே நீட்டினார்.

“வாயத் தொற நைனா. கைய உட்டா எண்ணெயில தண்ணி பூந்துடும்.”

அடுத்தவர் குடித்த டம்ளரைக்கூடத் தொடாதவன் நான். வாங்கித் தின்றேன்.

கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அடுத்த துண்டை ஊட்டிவிட்டார்.