இருபத்தாறு கிலோமீட்டர்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. இங்கே சிக்னல் கிடையாது. ஒரு லாரிக்காரர் பத்து நிமிடத்தில் ஊருக்குக் கிளம்புகிறார். அவரிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தானைத் தப்பான மலையில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தப்பு என்னுடையது. பழுதான செல்போன் கோபுரத்தின் இடத்தைக் கோப்பில் பாகை, நிமிடம், வினாடி என்று குறித்திருந்தார்கள். நான் அவசரத்தில் நடுவில் ஒரு புள்ளியை மட்டும் வைத்து, அறுபதால் வகுத்துத் தசமமாக மாற்றாமல், சீட்டில் எழுதி அத்தானிடம் நீட்டிவிட்டேன். படிக்கிற பையன்கூட இப்படிச் செய்யமாட்டான். இருபத்தாறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தேடுகிறவர்களிடம் இருப்பது கோப்பு. அத்தானிடம் இருந்தது என் சீட்டு.

அவர்களோடு சேரத்தான் அத்தானின் நாயை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நேற்று மதியம் பெட்ரோல் போடும்போது கோப்பையும், கைபேசியில் படமெடுத்து வைத்திருந்த என் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். வண்டியைத் திருப்பினேன். இந்த மலைக்கு வரைபடத்தில் பெயரே இல்லை. வழி கேட்டால் மூன்று பேர் மூன்று பக்கம் கை காட்டினார்கள். நாய் வண்டி இருக்கையில் இரண்டு முறை வாந்தி எடுத்தது. நான் வாங்கிய ரொட்டியை மட்டும் தின்றுவிட்டது.

கடைசியில் இந்தப் பஞ்சர் கடைக்காரருக்கு அத்தானை நினைவிருந்தது. அங்கே கோபுரமே இல்லை என்று இவர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். அத்தான் சீட்டைக் காட்டி, "எம் மச்சான் எழுதினது, தப்பா இருக்காதுங்க" என்று சொன்னாராம்.

காலையில் ஜீப்பைக் கண்டுபிடித்தேன். மண் பாதை முடியும் இடத்தில் பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர்க் கேனும் கயிறும் உள்ளே இல்லை, எடுத்துக்கொண்டுதான் ஏறியிருக்கிறார். நாய் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே பாறைமேல் ஓடியது. கூப்பிட்டால் வராமல் அங்கிருந்தே என்னைத் திட்டியது. அதைத் தூக்கிக்கொண்டு பஞ்சர் கடைக்குத் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். தேடுகிறவர்களுக்கும் சரியான இடத்தை எழுதி லாரிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் வர எப்படியும் ஒரு நாள் ஆகும். நான் காத்திருக்கப்போவதில்லை.

அத்தான் போய் இன்றோடு ஒன்பது நாள். அதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று எனக்குக் கணக்குத் தெரியும். நீ கேட்காதே.

நாளை பத்தாவது நாள். தேடலை நிறுத்தச் சம்மதம் என்று ஒரு தாளை எடுத்துக்கொண்டு எங்கள் கம்பெனி மேலாளர் உன் வீட்டுக்கு வருவார். தன்மையாகத்தான் பேசுவார். பேனாவையும் அவரே கொடுப்பார். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு, என் வேலை போனால் போகட்டும். நானும் நாயும் இறங்கி வரும்வரை கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே, அக்கா.

உன் தம்பி