சுற்று லைனில் போன கடிதம்

ஜூன் 2

அன்புள்ள கன்ட்ரோலர் துரைக்கு,

நானும் சின்னவளும் நலம். நீங்கள் நலமா என்று கேட்க மாட்டேன். காலையும் மாலையும் கன்ட்ரோல் போனில் உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்? "மேடம், பொசிஷன் சொல்லுங்க" என்பீர்கள். "ரெண்டு லூப்லயும் வண்டி நிக்குது சார்" என்பேன். பதினோரு ஸ்டேஷன் மாஸ்டர்களும் அதே லைனில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேசுவதெல்லாம் பதிவாகிறது வேறு. கட்டின புருஷனிடம் இருமல் விட்டதா என்று கேட்கக்கூட வழியில்லை. அதனால்தான் இந்தக் கடிதமும் வழக்கம்போல கூட்ஸ் கார்டு கையில் வருகிறது.

முந்தாநாள் என் தலையில் ஒரு காலி வண்டியைக் கட்டினீர்களே, அதில் நாற்பத்திரண்டு வேகன். வண்டி ஒதுங்கி நிற்கிற என் லூப் லைன் நாற்பதுதான் கொள்ளும். மிச்சம் ரெண்டும் லெவல் கிராசிங்கை அடைத்துக்கொண்டு பத்தொன்பது மணி நேரம் நின்றன. முட்டை வண்டிக்காரர் நேராக என் அறைக்கே வந்துவிட்டார். "ஏம்மா, அந்த ரெண்டு பெட்டியையும் கழட்டி உங்க வீட்டு வாசல்ல போட்டுக்கக் கூடாதா?" என்றார். நான் என்ன சொல்ல? "எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். கேட்டுவிட்டேன்.

அந்த வண்டிக்கு உங்கள் ஊரில் என்ன வேலை, சொல்லுங்கள். சுரங்கத்துக்குப் போகிற காலி வண்டி. உங்கள் யார்டுக்குள் நுழைந்து, ஒரு நாள் முழுக்கச் சும்மா நின்று, அந்தப் பக்கமாக வெளியே போகிறது. எனக்கு ரெண்டு ஸ்டேஷன் தள்ளிப் பிரிகிற சுற்று லைனோ துருப்பிடித்துக் கிடக்கிறது. உங்கள் ஊரைத் தொடாமலே சுரங்கப் பாதையில் போய்ச் சேரலாம். ஆறு வருஷமாகச் சொல்கிறேன். நான் சொன்னால் எங்கே ஏறப்போகிறது!

சின்னவள் நேற்று பக்கத்து வீட்டுப் பையனிடம், "எங்கப்பா போனுக்குள்ள இருக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆளைப் பற்றி அவள் வேறென்ன சொல்வாள், பாவம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
(போனில் மேடம்)

*

ஜூன் 6

அன்புள்ள மாஸ்டரம்மாவுக்கு,

இருமல் விட்டுவிட்டது. உன் கடிதத்தைப் படித்ததும் சிரிப்பில் திரும்ப வந்துவிட்டது. முட்டை வண்டிக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

நீ அங்கே ஒரு வண்டியைப் பார்க்கிறாய். நான் இங்கே பார்ப்பதைக் கேள். யார்டில் பதினான்கு லைன். பதின்மூன்றில் வண்டி. பதினாலாவது எஞ்சின் திரும்புவதற்கு. அதையும் நேற்று கோதுமை வண்டிக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது வெளியே கிளம்ப வேண்டிய சிமெண்ட் வண்டிக்கு எஞ்சின் இல்லை. அந்த எஞ்சின் உள்ளே வர வேண்டிய கன்டெய்னர் வண்டியில் இருக்கிறது. சிமெண்ட் வெளியே போகாமல் கன்டெய்னர் உள்ளே வர இடமில்லை. இந்தச் சிடுக்கில்தான் எட்டு மணி நேரமும் உட்கார்ந்திருக்கிறேன். தலை சுற்றுகிறது. ஆனாலும் ஒவ்வொன்றாக எப்படியோ அவிழ்ந்துவிடுகிறது. அதில் ஒரு சந்தோஷமும் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

சுற்று லைனைப் பற்றி நீ சொல்வது சரிதான். ஆனால் அது ஒற்றை லைன். எதிரும் புதிருமாக ரெண்டு வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க அங்கே நீளமான லூப் கிடையாது. ஒன்று மாட்டினால் எல்லாமே மாட்டும். அப்புறம் முட்டை வண்டிக்காரர் இங்கே கிளம்பி வருவார்.

மாற்றல் பட்டியல் இந்த மாதம் வரும் என்கிறார்கள். உன் பெயர் இருந்தாலும் இருக்கலாம். வந்தால் என்ன செய்வது என்று நீயே யோசித்துக்கொள். நான் எதுவும் சொல்ல மாட்டேன். உன் இஷ்டம்.

இந்தக் கடிதம் வருகிற வண்டியை உனக்கு முந்தின ஸ்டேஷனில் நானே நிறுத்த வேண்டியிருக்கும். கோபித்துக்கொள்ளாதே. சின்னவளுக்கு முத்தம்.

அன்புடன்,
உன் கணவன்

*

ஜூன் 12

அன்புள்ள உங்களுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. உங்கள் ஊர், உங்கள் ஆபீஸ். மூன்றாவது உதவியாளர் நாற்காலி. வருகிறேனா இல்லையா என்று 25-ஆம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இல்லை என்றால் இன்னும் மூன்று வருஷத்துக்கு என் பெயரை எடுக்க மாட்டார்களாம்.

இங்கே நான் மாஸ்டர். என் சிக்னல், என் கேட், என் கொடி. அங்கே வந்தால் யாரோ சொல்வதை எழுதிக் கொடுக்கிற வேலை. அது தெரிந்துதான் சொல்கிறேன், எனக்கு வர ஆசை. ஒரே வீட்டில் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டுப் பார்க்க ஆசை. சண்டையைக் கடிதத்தில் போடாமல் நேரில் போட ஆசை.

ஆனால் உங்கள் வாயிலிருந்து "உன் இஷ்டம்" தவிர வேறெதுவும் வருவதில்லை. கல்யாணமான மறு வருஷம் இந்த ஸ்டேஷனுக்குப் போகட்டுமா என்று கேட்டேன். உன் இஷ்டம். சின்னவள் பிறந்ததும் விட்டுவிட்டு வரட்டுமா என்றேன். உன் இஷ்டம். துணிக்கடைக்காரர் புடவையை விரித்துப் போட்டுவிட்டுச் சொல்வாரே, அதே தொனி. நான் வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்கு ஒன்றுதானோ என்று இருக்கிறது. இதை எழுதும்போதே எனக்கு அழுகை வருகிறது, போங்கள்.

எனக்கு "வா" என்று ஒரு சொல் வேண்டும். 24-ஆம் தேதிக்குள் அது வந்தால் மூட்டை கட்டுகிறேன். வராவிட்டால் "இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு இங்கேயே இருந்துவிடுவேன். கோபம் இல்லை. ஆனால் இன்னொரு தடவை கேட்க மாட்டேன்.

பகல் 2.10-க்குக் கிளம்பும் காலி வண்டியில் எப்போதும் குடையோடு வருவாரே, அந்தக் குடைக்காரக் கார்டிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் பத்திரமான மனிதர்.

உங்கள் மனைவி

*

ஜூன் 14

அன்புள்ள மாஸ்டரம்மாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. உன் புருஷன் சுற்று லைனைத் திறந்துவிட்டான்!

செவ்வாய்க்கிழமை காலை பொசிஷன் சொல்லிவிட்டு, "சார், ஒரு திசையில மட்டும் விட்டா எதிர வண்டியே வராதே, அப்புறம் ஒதுங்க இடம் எதுக்கு?" என்று போகிற போக்கில் கேட்டாயே, நினைவிருக்கிறதா? உடனே பாதைப் படத்தை எடுத்து விரித்துப் பார்த்தேன். சுரங்கத்துக்குப் போகிற காலி வண்டி எல்லாம் சுற்று லைனில். நிலக்கரி ஏற்றித் திரும்புவது எல்லாம் யார்டு வழியாக. எதிரே ஒரு குருவிகூட வராது. ஆறு வருஷமாக இது என் மண்டையில் உறைக்கவில்லை.

அன்றைக்கே அதிகாரியிடம் போனேன். "இது உங்க யோசனையா?" என்றார். "வீட்டம்மா யோசனை சார்" என்றேன். "அப்ப ஏன்யா இத்தனை வருஷம் ஆச்சு?" என்றார். தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தேன்.

12-ஆம் தேதி பகல் 2.10-க்கு உன் ஸ்டேஷனை விட்டதே காலி வண்டி, அதுதான் முதல் வண்டி. பிரிகிற ஸ்டேஷனில் கடைசி நிமிஷத்தில் சொல்லித் திருப்பிவிட்டேன். முப்பது மணி நேரம் இழுக்கிற தூரம், ஏழு மணி நேரத்தில் தாண்டிவிட்டது. இந்த ரெண்டு நாளில் ஐந்து வண்டி அப்படிப் போய்விட்டன. இன்று காலை யார்டில் மூன்று லைன் காலி. பெட்டிகளைப் பிரித்துக் கோக்கிற ஷன்டிங் ஆட்கள் எல்லாம் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். "சார், ஒன்பதாவது லைன்ல புல் முளைச்சிருக்கு சார், இப்பதான் தெரியுது" என்றார் ஒருவர். எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. அடித்தேன்.

உன்னிடமிருந்து ஏன் கடிதமே இல்லை? பட்டியல் வந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். உன் பெயர் இருக்கிறதா? இருந்தால் நன்றாக யோசித்து முடிவெடு. உன் இஷ்டம்.

மிகுந்த சந்தோஷத்துடன்,
உன் கணவன்

*

ஜூன் 19

கன்ட்ரோலர் துரைக்கு,

ஆறு வருஷம் கத்தினேன், காது கேட்கவில்லை. கேட்டதுதான் கேட்டது, அந்த வண்டியிலா கேட்க வேண்டும்?

2.10 வண்டியில் என் கடிதம் இருந்தது.

குடைக்காரக் கார்டு உங்கள் ஆபீசில் இறங்கிக் கொடுப்பதாக வாங்கிக்கொண்டு போனார். நீங்கள் வண்டியையும் அவரையும் கடிதத்தையும் சேர்த்து ஊருக்கு வெளியே சுற்றி அனுப்பிவிட்டீர்கள். சுற்று லைன் கடைசி ஸ்டேஷனில் அவருக்கு டூட்டி முடிந்தது. அங்கே மாஸ்டராக இருக்கிற பெரியவரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த டூட்டிக்கு அந்தப் பக்கமே போய்விட்டார். நேற்று பெரியவர் போனில், "மேடம், உங்க பொருள் ஒண்ணு எங்க மேசையில பத்திரமா இருக்கு. ஆனா உங்க பக்கம் வர்றதுக்குத்தான் வண்டியே இல்லையே" என்றார். ஒரு திசையில் மட்டும் விடச் சொன்னது நான்தான். யாரை நோவது?

சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. அதில் எழுதினதை இன்னொரு தடவை எழுத எனக்குக் கை வராது. அதற்கு 24-ஆம் தேதிக்குள் பதில் வேண்டும், அவ்வளவுதான் சொல்வேன்.

இதை இன்றைய பாசஞ்சர் வண்டியில் அனுப்புகிறேன். அதையும் எங்காவது திருப்பிவிடாதீர்கள்.

உங்கள் மனைவி

*

ஜூன் 20

என் அன்பே,

காலையில் நடந்ததை நீயும் போனில் கேட்டாய். உனக்குத் தெரியாதது என் அறை மட்டும்தான். அதைச் சொல்கிறேன்.

உன் கடிதம் ஒன்பது மணிக்குக் கையில் கிடைத்தது. நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது, ஏழு வண்டி ஓடிக்கொண்டிருக்கின்றன. 24 என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனை எடுத்து, "பெரியவரே, மேசையில இருக்கிற கடிதத்தைப் பிரிச்சுப் படிங்க" என்றேன். "லைன்ல எல்லாரும் இருக்காங்களே சார்" என்றார். "இருந்துட்டுப் போகட்டும், படிங்க" என்றேன்.

அந்த மனிதருக்குக் கடிதம் என்றாலும் ஒன்றுதான், வண்டி உத்தரவு என்றாலும் ஒன்றுதான். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திப் படித்து, "முற்றுப்புள்ளி. திருப்பிச் சொல்லுங்க சார்" என்றார். விதிப்படி நான் திருப்பிச் சொல்ல வேண்டும்தானே! சொன்னேன். "ஒரே வீட்டில் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டுப் பார்க்க ஆசை, முற்றுப்புள்ளி" என்று என் வாயாலேயே சொன்னேன். உதவியாளர்கள் ரெண்டு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். அதிகாரி கதவருகே வந்து நின்றார். "இதை எழுதும்போதே எனக்கு அழுகை வருகிறது" என்ற இடத்தில் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். பெரியவர் விடவில்லை. "சார், அந்த வரி திருப்பிச் சொல்லலையே" என்றார்.

நான் ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்பாய். இந்தப் பாதையில் உன்னைப் போல ஸ்டேஷன் நடத்துகிறவர் யாரும் இல்லை. தினமும் போனில் கேட்கிறேனே, எனக்குத் தெரியாதா? நான் "வா" என்றால் நீ வந்துவிடுவாய். வந்து, இங்கே ஒரு மூலையில் யாரோ சொல்வதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். என்றைக்காவது ஒரு நாள் உன் முகத்தில் அது தெரிந்தால் நான் தாங்க மாட்டேன். அந்தப் பயத்துக்கு "உன் இஷ்டம்" என்று பெயர் வைத்துக்கொண்டேன். உனக்கு மரியாதை தருகிறேன் என்று நினைத்திருந்தேன். நீ அங்கே தனியாக இதையா நினைத்து அழுதுகொண்டிருந்தாய்? முட்டாள் நான். நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு நாளும் பிடித்ததில்லை.

போனில் சொன்னதை எழுத்திலும் சொல்கிறேன். வா.

உன் கணவன்

*

ஜூன் 21

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் அறையைச் சொன்னீர்கள், என் அறையையும் கேளுங்கள்.

எங்கள் அறை ஸ்பீக்கரில் பெரியவர் படிக்க ஆரம்பித்ததும் போனைப் பிடுங்கிப் போடலாமா என்று பார்த்தேன். அதற்குள் நீங்கள் திருப்பிச் சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள். கேட் பார்க்கிற அம்மா சாவியோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள். முட்டை வண்டிக்காரர் ஜன்னலில் நின்றிருந்தார், அவரும் போகவில்லை. "வா" என்று நீங்கள் சொன்னதும் பெரியவர், "மேடம், செய்தி கிடைச்சுதா? திருப்பிச் சொல்லுங்க" என்றாரே, எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "கிடைச்சுது. வர்றேன்" என்றேன். பதினோரு ஸ்டேஷனும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது உங்களுக்கும் கேட்டிருக்கும்.

சின்னவள் என் மடியில்தான் இருந்தாள். "அப்பா யாரைம்மா கூப்பிடறாரு?" என்றாள். "நம்மளத்தாண்டி" என்றேன்.

மூலையில் உட்கார்ந்திருப்பேன் என்று கவலைப்படாதீர்கள். உங்கள் யார்டின் பதினான்கு லைனையும் பார்த்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேன் என்று யார் சொன்னது? நீங்கள்தான் காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஸ்டேஷனை விட்டு வருவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. நேற்று மாலை லூப் லைன் ஓரமாக ஒரு தடவை நடந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டேன்.

30-ஆம் தேதி பாசஞ்சரில் வருகிறோம். இதற்குப் பதில் எழுத வேண்டாம். பிளாட்பாரத்துக்கு வாருங்கள். பெட்டி ரெண்டும் நல்ல கனம், சின்னவளும் தூங்கிப்போயிருப்பாள்.

உங்கள் மனைவி