எறும்பு மாதிரி ஒன்று

நேற்று மழை விட்டதும் சமையலறை டியூப்லைட்டுக்குக் கீழே, சுவரில் ஒன்று ஊர்ந்தது. கறுப்பும் சிவப்புமாய், எறும்பு மாதிரி. அது வாலைத் தூக்கியதும் என் கை தானாகப் பின்வாங்கியது. நீ போன பிறகு, உன்னோடு பேச வேண்டும் என்று இவ்வளவு தவித்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூர் ஏரிப்பக்கம், நெல்வயல்களுக்கு நடுவே புதிதாக வந்த கம்பெனியில் நீயும் நானும் ரேடியோவுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றினோம். ஐப்பசி மழையில் சீக்கிரமே இருட்டிவிடும். ஷிப்டு முடியும்வரை விளக்கு எரியும். அப்போதுதான் அது ஆரம்பித்தது. முதலில் எங்களோடு வேலை செய்த ஸ்டெல்லாவின் கழுத்தில், சூடு இழுத்தது போல நீளமாக ஒரு கோடு. பிறகு கொப்புளம். அக்கி என்று குயவரிடம் காவி எழுதிக்கொண்டு வந்தாள். கோடு நிற்கவில்லை. இன்னொருத்தியின் கன்னத்தில், வேறொருத்தியின் தோளில். ஸ்டெல்லா குடித்த டம்ளரை யாரும் தொடவில்லை.

"ஒட்டிக்கிற நோவு. நாளையிலருந்து வராதம்மா" என்று சூப்பர்வைசர் அவளை அனுப்பிவிட்டார்.

நீ மட்டும் மேலே பார்த்தாய். கோடு விழுந்த எல்லாரும் ஜன்னலோர விளக்குக்குக் கீழே உட்கார்ந்தவர்கள். மறுநாள் அங்கே போய் உட்கார்ந்து, மேஜையில் விழுந்த ஒன்றை ஈர்க்குச்சியால் மறித்தாய்.

"எறும்புதானேடி?" என்றேன்.

"எறும்புக்கு இடுப்பு சிறுத்திருக்கும். இது பாரு, கயிறாட்டம் கீது."

குச்சி பட்டதும் முதுகிலிருந்த நீலத் துணுக்கு பிளந்து, மடிந்திருந்த றெக்கை விரிந்தது. அது விளக்குக்குப் பறந்தது.

சூப்பர்வைசர் சிரித்தார். "இத்துனூண்டு பூச்சி கடிச்சா இப்டி ஆவுமா?"

"கடிக்கல சார். மேல வுழுந்தத நசுக்கிட்டோம். அதுலருந்து வர்ற தண்ணி பட்டுதான் இப்டி." இன்னொன்றைப் பிடித்து அவர் கண்ணெதிரே உன் முன்கையில் தேய்த்தாய்.

அன்று ஒன்றும் ஆகவில்லை. வேலை செய்துகொண்டே எல்லாரும் உன் கையையே பார்த்தோம். மறுநாள் கை சிவந்தது. அதற்கடுத்த நாள் கொப்புளம். தூக்கத்தில் அந்தக் கையால் கண்ணைத் தேய்த்திருக்கிறாய். இடது கண் வீங்கி மூடிக்கிடந்தது. பார்வை போய்விடும் என்று நான் அழுதேன். நீ சூப்பர்வைசரிடம் கையை நீட்டி, "ஸ்டெல்லாவக் கூப்புடுங்க சார்" என்றாய்.

ஸ்டெல்லா வந்தாள். ஜன்னலுக்கு வலை அடித்தார்கள். உன் கண்ணும் திறந்தது. ஆனால் வெளிச்சத்தைப் பார்த்தால் கடைசிவரை அதில் நீர் வழிந்தது.

"உன் கையிலயே ஏன்டி தேச்சே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேற யாரு கையில தேய்க்கச் சொல்ற?"

நோய் என்று சொல்லி யாரையாவது தனியாக உட்கார வைத்தால், இப்போதும் என் கால் அந்தப் பக்கம்தான் போகிறது. பயமாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் போய் உட்காருகிறேன்.