திறக்காத பீர் பாட்டில்

கூல்கார்டி, சனிக்கிழமை

டெஸ்,

பழைய சுரங்கத் தொழிலாளர் நினைவுத் தூணைப் புதுப்பிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு இளவட்டங்கள் வந்திருக்கிறார்கள். பக்கத்தில்தான் என் மகனின் கல்லறை. வெள்ளிதோறும் நீ ஒளிந்து வந்து அவனுக்கு வைக்கும் பீரை ஒரு பெண் களைகளோடு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள்.

“உன்னை யாரு எடுக்கச் சொன்னது?” என்று கத்திவிட்டேன்.

“குப்பைன்னு நெனச்சேங்க.”

“மூடியே திறக்கல, கண்ணு தெரியல?”

தொட்டிக்குள் தலையை விட்டு நானே எடுத்து, திரும்ப வைத்தேன்.

பதினோரு வருஷமாக அதைத் தொட்டியில் போட்டுவந்தவன் நான்தான், டெஸ். அலுத்துவிட்டது.

அவன் செத்த அன்றைக்கு வண்டி ஓட்டியது யார் என்ற பேச்சு இனி வேண்டாம். இந்த பீரை அவன் வாயில்கூட வைக்க மாட்டான். அடுத்த வெள்ளி, நான் இருக்கும்போது வா. அவன் குடிக்கிற கறுப்பு பீர் கொண்டு வா, மூன்று பாட்டில்.

அவனுடைய அப்பா