சோபா மேல் நாலு பனியன் மூட்டை

கோபம் வந்தால் வசந்தாமணி பேசமாட்டாள் கண்ணுகளா, எழுதுவாள். புருஷன் சென்னியப்பன் தூங்கி எழுமுன் பிரிட்ஜ் கதவில் சீட்டை ஒட்டிவிட்டு, ஹைபிரிட் காரின் சாவியோடு கிளம்பிவிட்டாள். சீட்டில் இப்படி இருந்தது:

ஏனுங்க,

கம்மஞ்சோறும் மோரும் மூடி வெச்சிருக்கறேன். பிரஷர் மாத்திரை டம்ளருக்குப் பக்கத்துல.

நேத்து சம்பந்தி ஊட்டுக்காரங்க முன்னால, "இவ ஓட்டித்தான் மைலேஜ் லிட்டருக்குப் பதினஞ்சுக்கு எறங்கிப்போச்சு, இனி வண்டியத் தொடாதே"ன்னு சிரிச்சீங்களே! விடியக்காலைல டிக்கியத் தொறந்து பார்த்தனுங்க. கம்பெனியில ரிஜெக்ட் ஆன பனியன் மூட்டை நாலு, தீபாவளிக்கு நீங்க போட்டது. கூரை மேல பழனி போனப்ப மாட்டுன கேரியர். டயர்லயும் காத்துக் கொறைச்சல். இதெல்லாம் நானுங்களா பண்ணுனது?

எல்லாத்தையும் எறக்கிட்டேன். வண்டிக் கதவோரம் ஒட்டியிருக்கற சீட்டுல போட்ட அளவுக்குக் காத்தடிச்சு, பூண்டி வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன். உங்களாட்டம் சிக்னல் வரைக்கும் அமுக்கி மிதிச்சு, கடைசியில பிரேக்கக் குத்துலீங்க. தூரத்துலயே கால எடுத்தா பேட்டரி தானா சார்ஜ் ஏறுது. இப்ப இருபத்திமூணு காட்டுது. போட்டோ உங்க போனுக்கு அனுப்பிட்டேன். சம்பந்திக்கும் அனுப்பிட்டேன்.

மாசமா இருக்கற மருமக மதுமதிய ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். நீங்க வரச்சொன்ன டிரைவர் வேண்டாம்னு சொல்லியாச்சு. இனிச் சாவி என்கிட்டத்தான் இருக்கும்.

வசந்தாமணி

அடியில் இடமில்லாமல், ஓரமாகத் திருப்பி எழுதியிருந்தாள்:

மூட்டையெல்லாம் நீங்க உக்கார்ற சோபா மேல கெடக்குது. உக்காரோணும்னா நீங்களே எறக்குங்க. ஒவ்வொண்ணாத் தூக்குங்க, இடுப்புப் புடிச்சுக்கும்.