ஈரக் கரி

ஹுக்பொங் நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பு,
3 நவம்பர் 1978

கும்ரே அக்காவுக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. நேரில் வந்தால் உன் கொண்டையைப் பிடித்துவிடுவேன், அதனால்தான் எழுதிக் கதவிடுக்கில் செருகுகிறேன்.

நேற்றுக் காலை என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பியபோது குறுக்கே நடந்தாயே, என்ன நியாயம்? பெண் குறுக்கே வந்தால் அன்றைக்குச் சுரங்கத்தில் இறங்கமாட்டார்கள் என்று உனக்குத் தெரியாதா? பூட்ஸைக் கழற்றிவிட்டுப் படுத்துவிட்டார். இருமலால் ஏற்கெனவே இரண்டு நாள் போகவில்லை. மூன்றாவது நாளும் போகாததால் பெயரை அடித்துவிட்டார்கள்.

உனக்கென்ன? புருஷன் சுரங்கத்தில் செத்ததற்குக் கரியிலிருந்து கல் பொறுக்கும் பெல்ட்டில் வேலை கொடுத்தார்கள். உன் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சோறு, என் மகளுக்கு வாற்கோதுமைக் கஞ்சி. ஆமாம், வயிறு எரிகிறது. என் புருஷன் உயிரோடு இருப்பதால் எனக்கு அந்த வேலை கிடையாது.

கம்பெனியில் உன்மேல் மனு கொடுக்கப் போகிறேன்.

ஒக்புன்

---

முக்கோ துறைமுகம்,
8 நவம்பர்

அன்புள்ள ஒக்புன்,

உன் மனுவைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். வீட்டையும் காலி செய்தாயிற்று. இங்கே கணவாய் மீன் அறுக்கிறேன். கை நாறுகிறது, அவ்வளவுதான்.

உன் வீட்டுக்காரரைத் திரும்பச் சேர்ப்பதாகச் சொன்னார்கள். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். நான் குறுக்கே நடந்ததற்கு முந்தின நாள் பெல்ட்டில் கரி ஈரமாக வந்தது. என்னவர் சாவதற்கு முந்தின நாளும் அப்படித்தான் வந்தது. உள்ளே எங்கோ தண்ணீர் இறங்குகிறது. மேஸ்திரியிடம் சொன்னேன். "நீ கல்லைப் பொறுக்குடி, சுரங்கத்தை நாங்க பாத்துக்கிறோம்" என்றார். குறுக்கே நடப்பது ஒன்றுதான் என் கையில் இருந்தது.

அவரை இறங்கவிடாதே. நீயே குறுக்கே போ.

கும்ரே

---

ஹுக்பொங்,
2 டிசம்பர்

அக்கா,

உன் கடிதம் வந்தபோது அவரைப் புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தண்ணீர்தான்.

உன் இடத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆணியில் உன் தலைத்துணி தொங்கியது, அதையே கட்டிக்கொள்கிறேன். மகள் வெள்ளைச் சோறு சாப்பிடுகிறாள்.

பக்கத்து வீட்டு சொங்ஜா நேற்று என் சோற்று டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கென்னக்கா, வேலை கிடைச்சிடுச்சு" என்றாள். நான் உன்னைப் பார்த்த அதே பார்வை. அவள் வீட்டுக்காரருக்குக் காலை ஷிஃப்டு.

இன்று கரி ஈரமாக வந்தது. சொன்னேன், மேஸ்திரி சிரித்தார்.

நாளைக் காலை சொங்ஜா வீட்டுக்காரர் கிளம்பும்போது குறுக்கே நடக்கப் போகிறேன். சொங்ஜா மனு எழுதுவாள், எழுதட்டும். அங்கே கணவாய் அறுக்க இன்னொரு ஆள் எடுப்பார்களா, அக்கா?

உன் தங்கை
ஒக்புன்