ஒரு சொல் விட்டு எழுது

கான்ஸ்டான்டிநோபிள்,
புனித லாரன்ஸ் திருநாளுக்கு மறுநாள்.

ரோமில் போப்பாண்டவர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் கொழுந்தன் லூப்பினோவுக்கு, அண்ணி ஜெம்மா எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகளும் சுகம். உன் அண்ணன் உர்சோ சுகமில்லை. சிறையில் இருக்கிறார்.

உங்கள் அலுவலகம் அனுப்பிய கடிதத்தில் இங்குள்ள பேரரசரைக் 'கிரேக்கர்களின் பேரரசர்' என்று எழுதிவிட்டீர்கள். 'ரோமானியரின் பேரரசர்' என்ற பட்டத்தை உங்கள் ஜெர்மானிய அரசருக்குக் கொடுத்தாயிற்றாம். இந்த ஊரில் மீன் விற்கிறவன்கூடத் தன்னை ரோமானியன் என்றுதான் சொல்லிக்கொள்கிறான். ஒருநாள் வாய் தவறி அவனைக் கிரேக்கரே என்று கூப்பிட்டுவிட்டேன். இன்றுவரை எனக்கு நாறின மத்திதான் போடுகிறான். மீன்காரனுக்கே இவ்வளவு ரோஷம் என்றால் அரண்மனையைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

கடிதத்தை அரசவையில் மொழிபெயர்த்து வாசிக்க, லத்தீன் தெரிந்தவர் என்று உன் அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள். அந்த இடம் வந்ததும் மனிதர் மென்று விழுங்கி, 'ரோமானியரின்' என்று வாசித்துவிட்டார். பக்கத்தில் நின்ற கிழட்டு அதிகாரிக்கும் லத்தீன் தெரியும் என்று யார் கண்டது? "ஏம்பா, தோல் ஏட்டுல ஒண்ணு எழுதியிருக்கு, உன் வாயில வேற ஒண்ணு வருதே?" என்று கேட்டாராம். அந்தச் சொல்லைக் கொண்டுவந்ததற்காகத் தூதர்கள் உள்ளே. அதை மறைத்ததற்காக இவர் உள்ளே.

போன வாரம் உன் கடிதம் வந்தது. அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்ததே நீதான், மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார் என்று பெருமையடித்திருக்கிறாய். படித்த கையோடு அடுப்பில் போட்டேன். உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை.

திருத்திய கடிதம் வந்தால் எல்லோரையும் விடுவதாக அந்தக் கிழவர் சொல்கிறார். 'ரோமானியர்' என்று எழுத ஜெர்மானிய அரசரின் ஆட்கள் விடமாட்டார்கள், தெரியும். சரி, ஒன்றுமே போடாதே. 'பேரரசருக்கு' என்று மட்டும் எழுதி முத்திரை வாங்கு. நீங்கள் உங்களுக்குப் பிடித்ததை நினைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் தங்களுக்குப் பிடித்ததை வாசித்துக்கொள்ளட்டும். குளிருக்குக் கப்பல்கள் நிற்பதற்குள் வந்து சேர வேண்டும். இவருக்கு இருமல் பிடித்துவிட்டது. வசந்தம்வரை தாங்கமாட்டார்.

நேற்று ரொட்டி கொண்டுபோனேன். கடிதத்தை எழுதியது யார் என்று சொன்னால் இவரை மட்டும் அன்றைக்கே விட்டுவிடுகிறார்களாம். தெரியாது, தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏன் இந்த வீம்பு என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டேன். மெதுவாகச் சொன்னார்: "பிரிச்சதுமே தெரிஞ்சுபோச்சு, அது நம்ம லூப்பி கையெழுத்து. பேரச் சொன்னா அவன் இந்த ஊர்ல காலே வைக்க முடியாது. அவனுக்கு எதுவும் எழுதிடாத ஜெம்மா, மனசு ஒடிஞ்சிருவான்."

எழுதிவிட்டேன். நமக்குத் தெரிந்த அமால்ஃபி ஊர் வணிகர் கப்பலில் ஒளித்து அனுப்புகிறேன், படித்ததும் எரித்துவிடு.

உன் கைக்குக் கடவுள் துணை இருக்கட்டும், லூப்பினோ. உன் அண்ணன் காட்டிக்கொடுக்காத கை அது.

இப்படிக்கு,
அண்ணி ஜெம்மா